வழக்குப் பட்டியலை அச்சிடுவதும் கோப்பாக எடுப்பதும்: எண் மாறுகிறது, வாய்தா ஒரு நாள் முந்துகிறது

மேலூர் இளையர் எழுதியது:

வணக்கம். மேலூரிலும் மதுரையிலும் உரிமையியல், குற்றவியல் ஆகிய இரண்டு வழக்குகளையும் நடத்தும் ஓர் அலுவலகத்தில் நான் இளைய வழக்கறிஞராக இருக்கிறேன். நடப்பில் உள்ள வழக்குகள் ஏறத்தாழ 410. வாய்தாப் புத்தகத்தை விட்டுவிட்டு, மாதச் சந்தா கட்டும் இணையவழி வழக்கு மேலாண்மை மென்பொருள் ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாறினோம். அதன் பெயரை இங்கே எழுதவில்லை; குறை அதனுடையதா எங்களுடையதா என்பதே எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

வரும் ஆகஸ்ட் மாத வாய்தாக்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாக அச்சிட்டுத் தரும்படி சீனியர் கேட்டார். அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆகிவிட்டது. திரையில் உள்ளபடியே அச்சிட்டால் முதல் 25 வழக்குகள் மட்டுமே வருகின்றன, அவற்றிலும் கடைசிப் பத்தி வெட்டுப்படுகிறது. சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து எக்செல்லில் திறந்தால், தமிழில் உள்ளிட்ட கட்சிக்காரர் பெயர்கள் புரியாத குறிகளாகி விடுகின்றன. சில வழக்கு எண்கள் ‘டிச-21’, ‘மார்ச்-19’ என்று மாதங்களாக மாறி நிற்கின்றன. எல்லா எண்களும் மாறியிருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். மாறியவை முப்பதுக்குள்தான் என்பதால், முதல் முறை அச்சிட்டபோது நான் கவனிக்கவே இல்லை.

அதைவிட அச்சம் தருவது வேறொன்று. எக்செல் கோப்பாகவே எடுத்துக்கொள்ளும் பொத்தானும் இருக்கிறது. அதில் பெயர்களும் எண்களும் ஒழுங்காக வருகின்றன. ஆனால் ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் முன்னதாக விழுகிறது. ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை அழைக்கப்பட வேண்டிய வழக்கு, கோப்பில் 4ஆம் தேதி என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் இல்லை என்பதால்தான் பிடிபட்டது. திரையில் பார்த்தால் 5 என்றே சரியாகக் காட்டுகிறது. வாதி தரப்பில் ஆஜராகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும், பிரதிவாதி தரப்பில் ஆஜராகாவிட்டால் ஒருதரப்புத் தீர்ப்பாகும் என்ற நிலையில், இந்தப் பட்டியலை நான் எந்த நம்பிக்கையில் சீனியர் மேசையில் வைப்பேன்? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

நிரல் எழுதுபவன் எழுதியது:

தாங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. தனித்தனியாகப் பார்ப்போம்.

தமிழ் எழுத்துகள் சிதைவதற்குக் கோப்பு காரணமல்ல, திறக்கும் முறையே காரணம். சி.எஸ்.வி. என்பது வெறும் உரைக்கோப்பு. தான் எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக்கும் எந்த முறையில், எழுதப்பட்டது என்று அது தானாகச் சொல்வதில்லை. யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போது, கோப்பின் தொடக்கத்தில் ‘நான் யூ.டி.எஃப்-8’ என்று அறிவிக்கும் மூன்று பைட் அடையாளம் இல்லாவிட்டால், அது மேற்கத்திய எழுத்துக் குறியாக்கம் என்று எண்ணி ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகக் காட்டிவிடுகிறது. தங்கள் பட்டியலில் தலைக்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

வழக்கு எண் மாறுவதற்குக் காரணம் எக்செல்லின் அளவுக்கு மீறிய உதவி. ‘அசல் வழக்கு 12/2021’ என்று ஒரே கட்டத்தில் இருந்தால் எழுத்து கலந்திருப்பதால் அது தொடாது. தங்கள் மென்பொருள் வழக்கின் வகையை ஒரு பத்தியிலும் எண்ணை மற்றொரு பத்தியிலும் பிரித்துத் தருகிறது போலும். அப்போது தனியே நிற்கும் ‘12/2021’ என்பதை அது 2021 டிசம்பர் என்று படிக்கிறது. 13/2021 என்று ஒரு மாதம் இல்லாததால் அதை விட்டுவிடுகிறது. ஆகவே 1 முதல் 12 வரை எண் கொண்ட வழக்குகள் மட்டுமே பாதிக்கப்படும். தங்கள் முப்பது வழக்குகளைச் சரிபாருங்கள், அத்தனையும் அந்த ஆண்டின் முதல் பன்னிரண்டு எண்களுக்குள் இருக்கும். கட்டத்தின் வகையைப் பின்னர் ‘உரை’ என்று மாற்றினாலும் பழைய எண் திரும்பாது. 12/2021 இருந்த இடத்தில் 44531 என்ற எண் வந்து நிற்கும். அது 2021 டிசம்பர் 1ஆம் தேதிக்கு எக்செல் வைத்திருக்கும் வரிசை எண்.

இதில் தாங்கள் தனியாள் இல்லை. மரபணு ஆராய்ச்சியாளர்கள் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற சுருக்கப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிக்கொண்டார்கள். நீதிமன்றம் நமக்காக வழக்கு எண்ணை மாற்றித் தராது என்பதால் திறக்கும் முறையை நாம் மாற்ற வேண்டும்.

கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். வெற்று எக்செல் தாளைத் திறந்து, ‘தரவு’ பட்டியலில் உரை அல்லது சி.எஸ்.வி. கோப்பிலிருந்து எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வரும் முன்னோட்டச் சாளரத்தில் கோப்பின் மூலத்தை 65001, யூனிகோடு யூ.டி.எஃப்-8 என்று வையுங்கள். அதே சாளரத்தில் தரவு வகையைக் கண்டறிவது பற்றிய தேர்வு ஒன்று இருக்கும். அதில் கண்டறிய வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் பத்திகளும் உரையாகவே வந்து சேரும். லிப்ரே ஆஃபீஸ் வைத்திருந்தால் இன்னும் எளிது; அது கோப்பைத் திறக்கும் முன்பே குறியாக்கத்தையும் பத்தி வகையையும் கேட்டுவிடும்.

ஒரு நாள் முந்தும் கோளாறு பற்றி ஓர் ஐயம் இருக்கிறது. அந்த எக்செல் கோப்பில் வாய்தாக் கட்டம் ஒன்றைச் சொடுக்கி, மேலே உள்ள வாய்ப்பாட்டுப் பட்டையில் தேதிக்குப் பின்னால் வேறு ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சந்தேகப் பேர்வழி எழுதியது:

நாற்பது ஆண்டுகளாக வாய்தாப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் எழுதிய 5ஆம் தேதி ஒருநாளும் 4ஆம் தேதியாக மாறியதில்லை. இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய குமாஸ்தா எழுதியது:

ஐயா சொல்வது உண்மைதான், புத்தகத்தில் எழுதிய தேதி மாறாது. ஆனால் எழுதாமல் விட்ட தேதியைப் புத்தகம் நினைவூட்டியதும் இல்லை. மூன்று நீதிமன்றங்களில் ஒரே நாளில் பதினெட்டு வழக்கு இருந்த அன்று, இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைப் புரட்டி மறுநாள் தாளில் ஏற்றியவன் நான்; அதில் எத்தனை பிழை செய்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வக்கீலம்மா கேட்டதற்கு முதலில் விடை கிடைக்கட்டும். அதன்பின் அச்சிட வேண்டியது என்ன என்பது பற்றி நான் சிறிது எழுத வேண்டியிருக்கிறது.

மேலூர் இளையர் எழுதியது:

நிரல் நண்பருக்கு நன்றி. தாங்கள் சொன்ன வழியில் திறந்ததும் பெயர்கள் சரியாகிவிட்டன. மாதங்களாக மாறியவை 27 வழக்குகள், அத்தனையும் 12க்குள்தான். ஒன்று மட்டும் 5/98 என்ற பழைய நிறைவேற்று மனு. அது ‘மே-98’ என்று ஒளிந்திருந்தது.

ஆனால் இன்னும் ஒன்பது பெயர்கள் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குழப்பமாகவே இருக்கின்றன. அவை மென்பொருளின் திரையிலும் அப்படியேதான் தெரிகின்றன.

வாய்தாக் கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தேன். கட்டத்துக்குள் 04-08-2024 என்று மட்டும் தெரிகிறது. மேலே உள்ள பட்டையில் 04-08-2024 18:30 என்று இருக்கிறது. எல்லாக் கட்டங்களிலும் அதே 18:30. மாலை ஆறரை மணிக்கு எந்த நீதிமன்றமும் எங்கள் வழக்கை அழைத்ததில்லை.

நிரல் எழுதுபவன் எழுதியது:

நான் ஐயப்பட்டதேதான். அந்த 18:30 தான் சாட்சி.

மென்பொருள் தங்கள் வாய்தாவை வெறும் தேதியாக வைத்துக்கொள்ளாமல், ‘ஆகஸ்ட் 5, நள்ளிரவு 12 மணி’ என்ற ஒரு நேரப்புள்ளியாக வைத்துக்கொள்கிறது. அதையும் இந்திய நேரத்தில் அல்லாமல் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே நமக்கு 5ஆம் தேதி பிறக்கும் கணத்தில் அங்கே 4ஆம் தேதி 18:30. திரையில் காட்டும்போது உலாவி ஐந்தரை மணியைத் திரும்பக் கூட்டிவிடுவதால் சரியாகத் தெரிகிறது. கோப்பை உருவாக்கும் வேலை வழங்கியில், அதாவது நிறுவனத்தின் மையக் கணினியில் நடக்கிறது. அங்கே கூட்டுவதற்கு ஆள் இல்லை. திருமண நாளையும் வாய்தாவையும் நேரப்புள்ளியாகச் சேமிப்பது எங்கள் தொழிலில் பழகிப்போன பிழை. வாய்தா என்பது நாள், கணம் அல்ல என்று எழுதியவர் யோசித்திருக்க வேண்டும்.

தற்காலிகமாக, பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, வாய்தாக் கட்டத்தோடு 5.5/24 என்ற பின்னத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எக்செல் ஒரு நாளை ஒன்று என்று எண்ணுவதால் இந்தப் பின்னம் ஐந்தரை மணி நேரமாகும். தேதி தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தாங்கள் ‘ஆகஸ்ட் 1 முதல் 31 வரை’ என்று வடிகட்டித்தானே கோப்பை எடுத்தீர்கள்? வடிகட்டுவதும் வழங்கியிலேயே நடந்திருந்தால், ஆகஸ்ட் 1ஆம் தேதி வழக்குகள் ஜூலை 31, 18:30 என்று பதிவாகியிருப்பதால் பட்டியலுக்குள்ளேயே வந்திருக்காது. தேதி தவறாக இருக்கும் வரி கண்ணில் படும். வராத வரி படாது. தயவுசெய்து 1ஆம் தேதியைத் திரையோடு ஒப்பிடுங்கள்.

மிச்சமுள்ள ஒன்பது பெயர்கள் வேறு நோய். அவை பாமினி அல்லது வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டப்பட்டவையாக இருக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தாலும், பழைய கணினிகளில் தட்டச்சான வக்காலத்துகளும் வழக்குரைகளும் இன்னும் அலுவலகங்களில் இருக்கின்றன. ஒன்பது பெயர்கள்தானே, மாற்றி மென்பொருள் எதையும் தேடாமல் கையால் திருத்திவிடுவது நல்லது.

மேலூர் இளையர் எழுதியது:

ஒப்பிட்டுப் பார்த்தேன். திரையில் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு ஆறு வழக்குகள் இருக்கின்றன. கோப்பில் ஒன்றுகூட இல்லை. அவற்றில் ஒன்று எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாள்.

மென்பொருள் நிறுவனத்துக்குத் திரையைப் பிடித்த படங்களோடு எழுதியிருக்கிறேன். அவர்கள் சரிசெய்யும் வரை ஜூலை 30 முதல் செப்டம்பர் 2 வரை என்று அகலமாக வடிகட்டி எடுத்து, ஐந்தரை மணியைக் கூட்டிய பின் வேண்டாதவற்றை நீக்குகிறேன்.

ரிட் பக்கம் எழுதியது:

ஒத்தக்கடைப் பக்கம் உயர்நீதிமன்றக் கிளையில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

கிளை 2004 ஜூலையில் தொடங்கியதிலிருந்து இங்கே பதிவாகும் மனுக்களின் எண்ணோடு மதுரையைக் குறிக்கும் ‘எம்.டி.’ என்ற அடையாளம் சேர்ந்தே வரும். சென்னையில் ஒரு ரிட் மனுவும் மதுரையில் ஒரு ரிட் மனுவும் ஒரே ஆண்டில் ஒரே எண்ணைக் கொண்டிருப்பது இயல்பு. வேறுபடுத்துவது அந்த இரண்டு எழுத்துகள்தாம். வகை, எண், ஆண்டு என்று பிரித்துத் தரும் மென்பொருள் சில, வெளியே எடுக்கும்போது அந்த அடையாளத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை அச்சுப் பட்டியலைப் பார்த்துச் சென்னையில் இருக்கும் நண்பருக்கு எண்ணைச் சொல்ல, அவர் அங்கே தொடர்பே இல்லாத யாருடைய வழக்கையோ தேடி எடுத்து நிலையைச் சொன்னார். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இரண்டாவது, கணினியின் வட்டார அமைப்பு. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் சி.எஸ்.வி. கோப்பை நேரடியாகத் திறந்தால், 05/08/2024 என்பது மே 8 ஆகிவிடும்; 13/08/2024 என்பது மாறாமல் உரையாக நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்புறமும் சில இடப்புறமும் ஒட்டி நின்றால் இதுவே அறிகுறி. உரிமையியல் நீதிமன்றங்கள் கோடை விடுமுறையில் இருக்கும் மே மாதத்தில் எப்படி வாய்தா என்று கேட்கும் அளவுக்கு விழிப்பாக எல்லாரும் எல்லா நாளும் இருப்பதில்லை. மென்பொருளில் தேதி வடிவத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், ஆண்டு முதலிலும் மாதம் அடுத்தும் நாள் கடைசியிலும் வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை உரையாகவே வைத்திருந்தாலும் வரிசைப்படுத்தினால் காலவரிசையில் வந்து நிற்கும்.

கோர்ட் வாசல் ஜெராக்ஸ் எழுதியது:

நான் வழக்கறிஞன் அல்லேன். நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே அச்சு, நகல் கடை வைத்திருப்பவன். காலை ஒன்பதரை மணிக்கு வழக்கறிஞர்களின் இளையோர் ஓடிவந்து பென் டிரைவை நீட்டும்போது நான் அன்றாடம் பார்க்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு தாள் அளவு. வெளிநாட்டில் எழுதப்பட்ட மென்பொருள்கள் பலவற்றில் இயல்பு அளவு ‘லெட்டர்’ என்றே இருக்கும். அதன் நீளம் 279 மில்லிமீட்டர், ஏ4 தாளின் நீளம் 297. அகலத்தில் லெட்டர் 216, ஏ4 210. இந்த ஆறு மில்லிமீட்டரில்தான் அந்த அம்மையாரின் கடைசிப் பத்தி வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 356 மில்லிமீட்டர் நீளமுள்ள லீகல் தாளுக்கு வடிவமைத்த பட்டியலை ஏ4 தாளில் அச்சிடக் கொடுப்பவர்களும் உண்டு. உச்ச நீதிமன்றமே 2020இல் ஏ4 தாளுக்கு மாறிவிட்ட பிறகு, அலுவலகப் பட்டியலுக்கு லீகல் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எக்செல்லில் ‘ஒரு பக்கத்துக்குள் அடக்கு’ என்று கொடுத்துவிட்டு 400 வரிகளையும் எறும்பு அளவில் அச்சிட்டுச் செல்பவர்களையும் பார்க்கிறேன். அகலம் ஒரு பக்கம் என்று மட்டும் கொடுக்க வேண்டும். உயரத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். பக்க அமைப்பில், தலைப்பு வரியை ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திரும்ப அச்சிடும் வசதி இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் ஏழாம் பக்கத்தில் எது முந்தைய வாய்தா, எது அடுத்த வாய்தா என்று தெரியாது. அடியில் ‘பக்கம் 3 / 14’ என்றும் அச்சிட்ட நாள், நேரமும் வரும்படி செய்யுங்கள். படுக்கைவாட்டுத் தாளை இருபுறமும் அச்சிடும்போது குறுகிய விளிம்பில் புரட்டும் தேர்வைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக இருக்கும்.

பி.டி.எஃப். கோப்பில் ஒரு தனித் தொல்லை. மென்பொருளே உருவாக்கும் சில பி.டி.எஃப். கோப்புகளில், ‘கெ’ என்பதில் முன்னால் வர வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பெயரைப் படிக்கவே முடியாது. அப்படி இருந்தால் மென்பொருளின் பி.டி.எஃப். பொத்தானை விட்டுவிட்டு, பட்டியலை உலாவியில் திறந்து, உலாவியின் அச்சு வழியாகப் பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொண்டு வாருங்கள். உலாவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியும்.

பழைய குமாஸ்தா எழுதியது:

இப்போது நான் எழுத நினைத்ததை எழுதுகிறேன்.

வக்கீலம்மா, மென்பொருளில் உள்ள 22 பத்திகளையும் அச்சிட்டுக் கொடுத்தால் சீனியர் அதைப் பாராட்டுவார். ஆனால் மறுநாள் கையில் எடுத்துக்கொண்டு போக மாட்டார். பட்டியலை யார் பிடிக்கப் போகிறார், எங்கே நின்றுகொண்டு பிடிக்கப் போகிறார் என்பதை வைத்தே பத்திகளை முடிவு செய்ய வேண்டும். நான் அச்சிடுவது இரண்டு பட்டியல்கள்.

சீனியருக்கான மாதப் பட்டியலில் தேதி, நீதிமன்றம், வழக்கு எண், தரப்பினர், நம் கட்சிக்காரர் யார், வழக்கின் நிலை ஆகியவை போதும். நிலை என்றால் ‘விசாரணை’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. வாதி தரப்பு இரண்டாம் சாட்சி குறுக்கு விசாரணை, இடைக்கால மனு எதிருரை, வாதுரை என்று எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் எந்த நாளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, எந்த வழக்கின் காகிதக் கட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்வது என்று அவர் முடிவு செய்வார். ‘நம் கட்சிக்காரர் யார்’ என்ற பத்தியை மென்பொருள்காரர்கள் மறந்துவிடுவார்கள். பாகப்பிரிவினை வழக்கில் ஒரே குடும்பத்தார் பதினோரு பேர் இருபுறமும் நிற்கும்போது, நாம் ஏழாம் பிரதிவாதிக்கு ஆஜராகிறோம் என்பது தாளிலேயே இருக்க வேண்டும்.

நாள் பட்டியல் வேறு. அது நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி, ஒரு கையில் கட்டுகளோடு பார்க்க வேண்டியது. அதை வழக்கு எண் வரிசையில் அச்சிடுவது பயனற்றது; நாம் நடக்கும் வரிசையில் இருக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், முன்சீப் நீதிமன்றம் என்று அலுவலகத்தின் வழக்கப்படி ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணின்படி வரிசைப்படுத்துகிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வழக்குகள் தனித் தாளில் வரும், ஏனென்றால் அங்கே போகிறவர் வேறு. கடைசியில் இரண்டு வெற்றுப் பத்திகள்: ஒன்று ‘இன்று நடந்தது’, மற்றொன்று ‘அடுத்த வாய்தா’. வெற்றுப் பத்தி அச்சிட்ட பத்தியைவிட அகலமாக இருக்க வேண்டும், கையால் எழுத வேண்டுமே. மாலையில் அந்தத் தாளைப் பார்த்து மென்பொருளில் ஏற்றி, ஏற்றிய வரியில் சிவப்பு மையால் குறியிட்டு, தாளைக் கோப்பில் போட்டுவிடுகிறேன். மென்பொருளில் உள்ள தேதிக்கும் நீதிமன்றம் சொன்ன தேதிக்கும் என்றாவது சண்டை வந்தால், அந்தத் தாள்தான் தீர்ப்புச் சொல்லும்.

கட்டு எண் பத்தியையும் விடாதீர்கள். காலையில் அலமாரி முன் நிற்கும்போது வழக்கு எண்ணால் ஒரு பயனும் இல்லை.

குற்றவியல் பக்கம் எழுதியது:

இதுவரை எவரும் தொடாத இரண்டு செய்திகள் உண்டு.

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தங்கள் பட்டியலில் ‘பிரிவு’ என்ற பத்தி மட்டும் இருந்து ‘சட்டம்’ என்ற பத்தி இல்லாவிட்டால், இனி அந்தப் பட்டியல் ஏமாற்றும். இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 என்றால் கொலைக்கான தண்டனை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. புதிய சட்டத்தின் 302ஆம் பிரிவோ சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது பற்றியது. அந்த ஜூலைக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டும் ஒரே பட்டியலில் கலந்தே இருக்கும். அதோடு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் ‘5/6’ என்று பிரிவை எழுதும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கட்டத்தை எக்செல்லில் பாருங்கள். அது ஜூன் மாதத் தேதியாகவோ மே மாதத் தேதியாகவோ மாறியிருக்கும்.

அடுத்தது, அச்சிட்ட தாள் எங்கே போகிறது என்பது. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை அச்சிடுவதோ வெளியிடுவதோ சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழைய சட்டத்தில் இதுவே 228-ஏ. இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, திருமண வழக்கு நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடுவதைத் தடுக்கிறது. கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. அது வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் பொருந்தும் என்று அதே பிரிவு சொல்கிறது. அலுவலகத்துக்குள் ஒரு பட்டியல் அச்சிடுவது குற்றமென்று நான் சொல்லவில்லை. ஆனால் வரவேற்பறைச் சுவரில் ஒட்டுவதும், வாட்ஸாப் குழுவில் போடுவதும், பென் டிரைவோடு கடையில் விட்டு வருவதும் அலுவலகத்துக்குள் நடப்பவை அல்ல. நாங்கள் போக்சோ, குடும்ப நல வழக்குகளில் தரப்பினர் பத்தியை மறைத்து, கட்டு எண்ணை மட்டும் அச்சிடுகிறோம். எக்செல்லில் பத்தியை மறைத்துவிட்டுக் கோப்பையே அனுப்பினால் பெறுபவர் ஒரு சொடுக்கில் திறந்துவிடுவார். அனுப்பும் முன் பத்தியை நீக்க வேண்டும், அல்லது பி.டி.எஃப். ஆக்கி அனுப்ப வேண்டும்.

கோர்ட் வாசல் ஜெராக்ஸ் எழுதியது:

பென் டிரைவை விட்டுச் செல்பவர்கள் வாரத்துக்கு இருவராவது உண்டு. நான் திறந்து பார்ப்பதில்லை, மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறேன். கடைக் கணினியில் நகலெடுத்து அச்சிட்ட கோப்பை அழித்துவிடும்படி கேட்பவர் மட்டும் இதுவரை எவரும் இல்லை. இனி நானே அழித்துவிடுகிறேன்.

சந்தேகப் பேர்வழி எழுதியது:

இத்தனையையும் படித்தபின் ஒரு கேள்வி. நாளை அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டால், அல்லது சந்தா கட்ட மறந்தால், 410 வழக்குகளும் யாரிடம் இருக்கும்? என் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன.

நிரல் எழுதுபவன் எழுதியது:

இந்த இழையிலேயே மிகவும் பொருளுள்ள கேள்வி இதுதான்.

மாதப் பட்டியலை எடுப்பதும் முழுத் தரவையும் வெளியே எடுப்பதும் வெவ்வேறு வேலைகள். பட்டியல் பக்கத்தில் உள்ள பொத்தான், அப்போது திரையில் உள்ள வடிகட்டலையும் பத்தித் தேர்வையும் மட்டுமே பின்பற்றும். முடிந்த வழக்குகள் இயல்பாகவே மறைந்திருக்கும். மேலும் அது ஒவ்வொரு வழக்குக்கும் அடுத்த வாய்தாவை மட்டும் தரும்; இதுவரை நடந்த முப்பது வாய்தாக்களும் அவற்றின் குறிப்புகளும் வேறு அட்டவணையில் இருப்பதால் வாரா. ஏற்றி வைத்த ஆவணங்களும் வாரா. ஆகவே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: வழக்குகள், வாய்தா வரலாறு, தரப்பினர், கட்டண விவரம், ஆவணங்கள் ஆகிய அனைத்தையும் நாங்களாகவே எடுக்க முடியுமா, சந்தா முடிந்தபின் எத்தனை நாள் வரை எடுக்கலாம் என்று. பதில் மழுப்பலாக இருந்தால் அதுவே பதில்.

எடுத்த கோப்புகள் எல்லாவற்றையும் இணைக்கும் சாவியாக சி.என்.ஆர். எண்ணை வையுங்கள். மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண், ஆண்டு ஆகியவற்றை அடக்கிய 16 குறிகள் கொண்ட அந்த எண், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி. அது எழுத்தில் தொடங்குவதால் எக்செல் அதைத் தொடாது. வழக்கு எண்ணைப் போல ஊருக்கு ஊர் திரும்ப வருவதும் இல்லை. மென்பொருள் முழுதாகப் போனாலும், சி.என்.ஆர். பட்டியல் ஒன்று கையில் இருந்தால் ஒவ்வொரு வழக்கின் நிலையையும் அடுத்த வாய்தாவையும் இ-கோர்ட்ஸில் மீட்டுக்கொள்ளலாம். தங்கள் சொந்தக் குறிப்புகள் மட்டும் போகும்.

மேலூர் இளையர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

மாதப் பட்டியல் ஏ4 படுக்கைவாட்டில் 14 பக்கங்களாக வந்தது. ஒவ்வொரு தேதியையும் திரையோடு நானும் குமாஸ்தாவும் வாசித்து ஒப்பிட்டோம். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. 410 வழக்குகளில் 38இல் சி.என்.ஆர். எண்ணே ஏற்றப்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவற்றை இந்த வாரத்துக்குள் நிரப்புவதாகக் குமாஸ்தா ஏற்றுக்கொண்டிருக்கிறார். நாள் பட்டியலுக்கு, பழைய குமாஸ்தா ஐயா சொன்னபடி வெற்றுப் பத்திகளை அகலப்படுத்திவிட்டேன். ஆனால் எங்கள் நடை வரிசையில் மட்டும் கருத்து வேறுபாடு: முன்சீப் நீதிமன்றத்தில்தான் முதலில் அழைப்பு முடிகிறது என்பதால் அதை முதலில் வைக்க வேண்டும் என்கிறார் எங்கள் குமாஸ்தா.

நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. நேரக் கணக்கில் பிழை இருப்பதை ஒப்புக்கொண்டு, அடுத்த பதிப்பில் திருத்துவதாக எழுதியிருக்கிறார்கள். முழுத் தரவையும் எடுப்பது பற்றிய கேள்விக்கு மட்டும், தேவைப்படும்போது கோரிக்கை அனுப்பினால் பரிசீலிக்கப்படும் என்று ஒரு வரி. நான் இன்றே கோரிக்கை அனுப்பிவிட்டேன்.

சந்தேகப் பேர்வழி எழுதியது:

அந்த 14 பக்கங்களையும் துளையிட்டுக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. புத்தகம் போலவே இருக்கும்.